சிங்கப்பூர் ஈரத்தில் பாலைவனச் செடிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த டிசம்பர் மழையில், பாலைவன ரோஜா எனப்படும் என் அடினியம் செத்துப்போனது. ஆறு ஆண்டுகள் வளர்த்த செடி. இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தபோது, தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு குவளை ஊற்றினேன். இரண்டு நாள் கழித்து, பருத்த அடித்தண்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கனிந்த பப்பாளியைப் போல விரல் உள்ளே போனது. கத்தியால் கீறினால் பழுப்பு நீரும் புளித்த வாடையும்.

பாலைவனச் செடிகளுக்கான வளர்ப்புக் குறிப்புகள் பெரும்பாலும் வறண்ட ஊர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. இங்கே வறட்சியை நாம்தான் தொட்டிக்குள் உண்டாக்கித் தர வேண்டும். நான் பார்த்த தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருபவை.

முதலில் மண். கடையில் செடி வரும் தென்னை நார்த்தூள் கலவை நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாங்கிய வாரமே மாற்றிவிடுங்கள். சுட்ட மண், பியூமிஸ் (நுண்துளை எரிமலைக் கல்), பெர்லைட் (பொரிந்த வெண்மணிக் கல்) ஆகியவை மூன்றில் இரண்டு பங்கு, மீதி சாதாரண மண் என்ற கலவை எனக்குச் சரியாக வருகிறது. தொட்டியின் அடியில் கூழாங்கல் பரப்பினால் நீர் வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் நீர் கல்லுக்குள் எளிதில் இறங்காது; அதற்கு மேலுள்ள மண்ணிலேயே தேங்கி நிற்கும், வேர் அழுகும். கலவை முழுவதும் கரடுமுரடாக இருப்பதே வழி.

'வாரம் ஒரு முறை தண்ணீர்' என்ற கணக்கையும் விட்டுவிடுங்கள். இறைச்சி செருகிச் சுடும் சத்தே குச்சி ஒன்றைத் தொட்டியின் அடிவரை செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி கறுத்து, மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் வேண்டாம். மழைக்காலத்தில் என் செடிகள் சில, மூன்று வாரம்கூடத் தண்ணீர் இல்லாமல் நன்றாகவே இருந்தன.

இரண்டாவது, செடியின் சொந்த ஊரைக் கேட்காமல் வாங்குவது. இந்த இனங்களில் பல, பகலில் இலைத்துளைகளை மூடி, இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுப்பவை. அதற்குக் குளிர்ந்த இரவு உதவும். நம் இரவுகளோ 24, 25 டிகிரிக்குக் கீழே அபூர்வமாகத்தான் இறங்குகின்றன. மெக்சிகோவின் மேட்டுநிலத்து எச்செவேரியாவும், கூழாங்கல் போலத் தோன்றும் தென்னாப்பிரிக்க லித்தாப்ஸும் இங்கே சில மாதங்களில் நீண்டு வெளுத்தோ அழுகியோ போவது இதனால்தான். கரையோரப் பூந்தோட்டத்தின் ஃபிளவர் டோமில் சதைப்பற்றுச் செடிகள் செழிப்பதைக் கண்டு ஆசைப்பட்டால், அங்கே காற்று குளிரூட்டி உலர்த்தப்படுகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நம் வெப்பத்தைத் தாங்கும் விசித்திர அழகுகளும் இருக்கின்றன: அடினியம், மடகாஸ்கரின் முள்தண்டுப் பச்சிபோடியம், கிறிஸ்துவின் முள்முடி எனப்படும் யூபோர்பியா, மருள் (பாம்புச் செடி) வகைகள், நம் ஊர் வேலிகளில் நின்ற திருகுகள்ளி. திருகுகள்ளியின் அறிவியல் பெயரிலேயே 'திருக்கள்ளி' இருப்பது எனக்குத் தனி மகிழ்ச்சி.

வெயில் விஷயத்தில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால், வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை நேர் வெயில் விழும்; அக்டோபருக்குப் பிறகு அது தெற்குப் பக்கத்துக்குப் போய்விடும். ஜூனில் கொழுகொழுவென இருந்த செடி டிசம்பரில் மெலிந்து ஒளியைத் தேடி வளைந்தால் காரணம் இதுதான். அப்போது உரம் போடாதீர்கள், இடத்தை மாற்றுங்கள். அதையும் இரண்டு வாரத்தில் சிறிது சிறிதாகச் செய்யுங்கள். நிழலில் இருந்ததைத் திடீரென நண்பகல் வெயிலில் வைத்தால் தோல் வெந்து போகும், அந்த வடு ஆறாது.

தொட்டிக்கு அடியில் தட்டு வைக்கவே வைக்காதீர்கள். வேருக்கும் கேடு, ஏடிஸ் கொசுவுக்கும் தொட்டில். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பதும் விதி. முள் செடி என்றால் இன்னும் தள்ளி வையுங்கள். கள்ளிப் பால் கண்ணில் பட்டால் கடுமையாகப் பாதிக்கும். அடினியத்தின் சாறு ஆப்பிரிக்காவில் அம்பு நுனியில் தடவப்பட்ட நஞ்சு. குழந்தைகள் ஓடி விளையாடும் தளத்தில் இவற்றைக் கைக்கெட்டும் உயரத்தில் வைக்கவே கூடாது.

வாங்கும்போது ஒன்று. சாயம் பூசியதையும், மேலே கல்லைப் பசை போட்டு ஒட்டியதையும் தவிர்த்துவிடுங்கள். சிவப்பு, மஞ்சள் உருண்டை ஒட்டுக் கள்ளிக்குப் பச்சையம் இல்லை. அடியிலுள்ள பச்சைத் தண்டுதான் அதற்குச் சோறு போடுகிறது, அதனால் ஆயுளும் குறைவு. சென்னையிலிருந்து பெட்டியில் செடி கொண்டுவர நினைப்பவர்களுக்கு: தாவர நலச் சான்றிதழ் தேவை, கள்ளி, பச்சிபோடியம் போன்றவற்றுக்கு அழியும் இனங்களின் வணிகத்துக்கான உரிமமும் கேட்பார்கள்.

அழுகல் தொடங்கிவிட்டால் தயங்காமல் வெட்டுங்கள். வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவைத்து, பிறகு உலர்ந்த பியூமிஸில் நடுங்கள். என் அடினியத்தின் ஒரு கிளையை இப்படித்தான் காப்பாற்றினேன். வேர் பிடித்து நான்கு இலை விட்டிருக்கிறது. கிளையிலிருந்து வந்ததால், விதைச் செடிக்கு வரும் பருத்த அடி அதற்கு எளிதில் அமையாது. இருந்தாலும் காலையில் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் பார்க்கிறேன்.