விளையாட்டு ஆவணப்பட இயக்குநராக விரும்புவோருக்கு

ஓர் ஆட்டத்தின் முடிவு மறுநாள் காலைச் செய்தித்தாளிலேயே வந்துவிடுகிறது. ஆட்டத்தையும் நேரலை ஒளிபரப்பு எல்லாக் கோணங்களிலிருந்தும் காட்டிவிடுகிறது. எனவே இந்தத் துறைக்கு வர விரும்புபவர், தொலைக்காட்சிக் குழு கிளம்பிப் போன பிறகு அந்த மைதானத்திலும் அந்த வீரரின் வீட்டிலும் படமாக்க என்ன இருக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும். என் பார்வையில், விளையாட்டு ஆவணப்பட இயக்குநரின் முதன்மையான திறமை, ஒருவருடைய வாழ்க்கைக்கு அருகில் நீண்ட காலம் பொறுமையாக இருக்கத் தெரிவதுதான். கேமராவைக் கற்றுக்கொள்வது அதைவிட எளிது.

இதற்கு நான் எப்போதும் சுட்டிக்காட்டும் சான்று, 1994ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஹூப் ட்ரீம்ஸ்’ என்ற அமெரிக்க ஆவணப்படம். ஸ்டீவ் ஜேம்ஸ், ஃப்ரெடரிக் மார்க்ஸ், பீட்டர் கில்பர்ட் ஆகிய மூவரும் சிகாகோ நகரத்துக் கூடைப்பந்தைப் பற்றி, பொதுத் தொலைக்காட்சிக்காக அரை மணி நேரப் படம் ஒன்றை எடுக்கத்தான் திட்டமிட்டிருந்தார்கள். ஆனால் வில்லியம் கேட்ஸ், ஆர்தர் ஏஜி என்ற இரண்டு சிறுவர்களை ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் பின்தொடர்ந்து, சுமார் 250 மணி நேரக் காட்சிகளைப் பதிவு செய்து, இறுதியில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான படமாக முடித்தார்கள். இடையில் கட்டண பாக்கியால் ஆர்தர் தனியார் பள்ளியிலிருந்து வெளியேற நேர்ந்தது. நட்சத்திரம் ஆகப்போகிறவரை மட்டும் படமெடுக்க வந்தவர்கள் என்றால் அன்றே அவரைக் கைவிட்டிருப்பார்கள். அவர்களோ தொடர்ந்து படம்பிடித்தார்கள். பெரிதும் எதிர்பார்க்கப்பட்ட வில்லியம் முழங்கால் காயத்தோடு போராடிக்கொண்டிருந்த காலத்தில், ஆர்தரின் அரசுப் பள்ளி அணி 1991இல் மாநில அளவில் மூன்றாம் இடம் பிடித்தது. கதை எங்கே திரும்பும் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு போகிறவருக்கு இப்படியொரு படம் அமையாது.

ஆகையால் முதல் படத்துக்கான பொருளை, பேருந்தில் போய்த் திரும்பக்கூடிய தொலைவிலேயே தேடுங்கள். கோவில்பட்டியின் ஹாக்கி, வியாசர்பாடியின் கால்பந்து, வடசென்னையின் குத்துச்சண்டை, கேரம் ஆகிய எதுவாயினும், செலவுக் கணக்குப் பார்க்காமல் அடிக்கடி போய்வர முடிவதே உங்கள் பலம். அந்த விளையாட்டின் விதிகளோடு அதன் ஆண்டுச் சுழற்சியையும் கற்றுக்கொள்ளுங்கள்: தேர்வுப் போட்டி எப்போது, முகாம் எங்கே, பயணப்படியை யார் தருகிறார்கள் என்பவை தெரிந்திருக்க வேண்டும். நம் நாட்டில் பல வீரர்களின் வாழ்க்கையை முடிவு செய்வது இறுதிப்போட்டியைவிட, ரயில்வேயிலோ காவல்துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான். அந்த வேலைக்குத் தேர்வானவர்களின் பட்டியலுக்காக ஒரு குடும்பம் காத்திருக்கும் வாரத்தில் நீங்கள் அங்கே இருந்தாக வேண்டும்.

முறையாகப் பயில விரும்புவோருக்குப் புனே, கொல்கத்தா, சென்னைத் தரமணி ஆகிய இடங்களில் அரசுத் திரைப்படக் கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காதவர்கள் ஓர் ஆவணப்படத் தொகுப்பாளரிடம் உதவியாளராகச் சேருவதையே நான் பரிந்துரைப்பேன். நூற்றுக்கணக்கான மணி நேரக் காட்சிகளிலிருந்து கதையைக் கண்டெடுக்கும் வேலை தொகுப்பறையில்தான் நடக்கிறது. படப்பிடிப்பு முடிந்த ஒவ்வோர் இரவும், தேதி, இடம், பேசியவர், பேச்சின் சாரம் ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். அந்தக் குறிப்பு இல்லாவிட்டால் மூன்றாம் ஆண்டில் எதையும் தேடி எடுக்க முடியாது. கருவிக்கு ஒதுக்கும் பணத்தில் முதல் பங்கு ஒலிக்குப் போகட்டும்: பயிற்சியாளரின் சட்டையில் ஒரு காலர் மைக் மாட்டிவிட்டால், எல்லைக்கோட்டுக்கு வெளியே அவர் முணுமுணுப்பது ஆட்டத்தைவிட அதிகம் சொல்லும். உள்ளரங்கில் எடுக்கும்போது, நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 நொடியில் வையுங்கள். இல்லையெனில் சில விளக்குகளின் ஒளியில் படம் துடிக்கும்.

ஒப்புதல் படிவத்தைத் தொடக்கத்திலேயே எழுத்தில் பெற வேண்டும். வீரர் 18 வயது நிறையாதவர் என்றால் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்து தேவை. ஆயினும் கையெழுத்து வாங்கியதோடு கடமை தீர்ந்துவிடுவதில்லை. காயம்பட்ட இரவில், தோற்று அழும் அறையில், கேமராவை இறக்கச் சொன்னால் இறக்கிவிடுகிறவர் என்ற நம்பிக்கையை நீங்கள் ஈட்டியிருக்க வேண்டும். பணம் தருவதைப் பற்றியும் முன்பே யோசித்து வையுங்கள். ஆர்தரின் வீட்டில் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது ‘ஹூப் ட்ரீம்ஸ்’ படக்குழு கட்டணம் செலுத்த உதவியது. பின்னர் படத்தின் வருமானத்திலும் குடும்பங்களுக்குப் பங்கு தந்தது. பார்வையாளராக மட்டும் இருக்க வேண்டும் என்ற கொள்கையைச் சொல்லி இதைக் குறை கூறுவோர் உண்டு. நான் அந்தக் குழுவின் பக்கம் நிற்கிறேன்.

புதியவர்களைப் பெரும்பாலும் தடுக்கி விழச் செய்வது பழைய ஃபுட்டேஜின், அதாவது பிறர் முன்பே பதிவு செய்த காட்சிகளின், உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஒளிபரப்பு நிறுவனத்துக்கு அதன் ஒளிபரப்பின் மீது 25 ஆண்டு உரிமை தருகிறது. ஒளிப்பதிவு செய்யப்பட்ட படத்துக்கோ 60 ஆண்டுப் பாதுகாப்பு உண்டு. யூடியூபில் கிடைக்கிறது என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. நிமிடக் கணக்கில் விலை கேட்பவர்களிடம், தொகுப்பு முடிந்த பிறகு போனால் பேரம் பேச இடமே இராது. எனவே திட்டமிடும் கட்டத்திலேயே விலையைக் கேட்டு எழுதி வாங்குங்கள். பதிவே இல்லாத ஆட்டங்களும் உண்டு. 1983 ஜூன் 18 அன்று டன்பிரிட்ஜ் வெல்ஸில் ஜிம்பாப்வேக்கு எதிராக, இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட் இழந்திருந்த நிலையில் கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் எடுத்தார். அந்த ஆட்டத்தின் தொலைக்காட்சிப் பதிவு கிடையாது. அத்தகைய இடத்தில் நிழற்படம், ஸ்கோர் புத்தகம், நேரில் கண்டவர்களின் குரல் ஆகியவற்றைக் கொண்டு காட்சியைக் கட்டும் இயக்குநருக்குப் பெரும் பணத்துக்கு வாங்கிய ஃபுட்டேஜ் தேவைப்படாது.

பணம் தாமதமாகத்தான் வரும். 1974இல் கின்ஷாசாவில் நடந்த முகமது அலி, ஜார்ஜ் ஃபோர்மன் குத்துச்சண்டையைச் சூழ்ந்த நிகழ்வுகளைப் படமாக்கிய லியோன் காஸ்ட், நிதிச் சிக்கல்களைக் கடந்து 1996இல்தான் அதை வெளியிட முடிந்தது. அடுத்த ஆண்டு அதற்கு ஆஸ்கார் கிடைத்தது. எல்லோரும் 22 ஆண்டுகள் காத்திருக்க முடியாது, ஆகவே நிறுவனக் காணொளி, திருமணப் பதிவு, தொலைக்காட்சிக்கான தொகுப்பு வேலை போன்ற ஏதேனும் ஒன்றை நிலையான வருமானமாக வைத்துக்கொள்வது தவறன்று. ஐந்து நிமிட மாதிரித் தொகுப்பு ஒன்றைத் தயாரித்து நல்கை தரும் அமைப்புகளிடம் காட்டுங்கள். முடிந்த படத்தை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை நடைபெறும் மும்பை சர்வதேச ஆவணப்பட விழாவுக்கும் (MIFF), திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள ஆவணப்பட, குறும்பட விழாவுக்கும் அனுப்புங்கள்.

விளையாட்டுச் சங்கமோ வீரரின் மேலாளரோ பணம் தர முன்வந்தால், இறுதித் தொகுப்பின் மீதான முடிவு யாருடையது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் தேடிப் படியுங்கள். அது உங்களுடையதாக இல்லையென்றால் நீங்கள் எடுப்பது விளம்பரப் படம். அதைச் சம்பளத்துக்காகச் செய்யலாம், ஆனால் ஆவணப்படம் என்று பெயரிடக் கூடாது. அதே வேளையில், வெளியிடும் முன் ரஃப் கட்டை, அதாவது இறுதி செய்யப்படாத முதற்கட்டத் தொகுப்பை, அந்த வீரருக்கும் வீட்டாருக்கும் போட்டுக் காட்டுங்கள்: தகவல் பிழையைத் திருத்த அவர்களுக்கு முழு உரிமை உண்டு, அவர்களுக்குத் தீங்கு விளைவிக்கும் காட்சி இருந்தால் அதைப் பேசித் தீர்க்க வேண்டும், தோல்வியை அழகுபடுத்தச் சொன்னால் மட்டும் மறுத்துவிட வேண்டும்.