செய்மதிப் படத்தில் புகையும் புழுதியும்: வன்னியில் தவிர்க்க வேண்டிய வாசிப்புத் தவறுகள்

சிறுபோக அறுவடை முடிந்து வைக்கோல் எரிக்கப்படும் ஆவணி, புரட்டாதி நாட்களில் கிளிநொச்சியின் அடிவானம் மங்கியதும், எங்கே எரிகிறது என்று அறியக் கைபேசியில் செய்மதிப் படத்தைத் திறப்பவர்கள் இப்போது வன்னியில் குறைவில்லை. படம் இலவசமாகக் கிடைப்பது நல்லதே. ஆனால் அது எதைக் காட்டுவதற்காக எடுக்கப்பட்டது என்பதை அறியாமல் வாசித்தால் அயலவர்மீது வீண்பழி விழும்.

அதிகம் பிழைபடுவது நாசாவின் தீ வரைபடத்திலுள்ள சிவப்புப் புள்ளிகளில்தான். புள்ளி நிற்கும் இடமே தீ எரிந்த இடம் என்று கொள்ளக்கூடாது. வெப்பம் உணரப்பட்ட ஒரு படத்துண்டின் மையத்தையே அது குறிக்கிறது. இன்றைய செய்மதிகள் சுமக்கும் வியர்ஸ் (VIIRS) என்ற உணரியில் அத்துண்டின் பக்கம் 375 மீற்றர், அதாவது ஏறத்தாழ 35 ஏக்கர். பழைய மோடிஸ் (MODIS) உணரியில் ஒரு கிலோமீற்றர், அதாவது ஏறத்தாழ 247 ஏக்கர். இரணைமடுக் குளத்தின் கீழ் ஒருவருக்கு மூன்று ஏக்கர் வயல் என்று வைத்துக்கொண்டாலும், வியர்ஸின் ஒரு துண்டுக்குள் பத்துக்கு மேற்பட்டோரின் வயல்கள் அடங்கிவிடும். ஆகவே, புள்ளியைக் காட்டி இன்னாருடைய வயலில்தான் நெருப்பு வைக்கப்பட்டது என்று சொல்வதற்கு அதில் ஆதாரமில்லை. புள்ளிகளை எண்ணி எரிந்த பரப்பைக் கணக்கிடுவதும் தவறு, ஏனெனில் துண்டின் ஒரு மூலையில் மட்டும் எரிந்தாலும் புள்ளி விழும்.

புள்ளி இல்லாவிட்டால் தீ இல்லை என்று முடிவுகட்டுவது இதன் மறுபக்கம். வியர்ஸ் உணரியைச் சுமக்கும் செய்மதிகள் நம் தலைக்கு மேலால் பிற்பகல் 1:30 மணியை ஒட்டியும் அதிகாலை 1:30 மணியை ஒட்டியும் கடக்கின்றன. வெயில் தாழ்ந்தபின் மூட்டப்பட்டு இருள்வதற்குள் அணைந்துவிடும் வைக்கோல் தீ இவ்விரண்டுக்கும் இடையில் தப்பிவிடுகிறது. மேகம் மூடியிருந்தாலும் அப்படித்தான்.

நேரக் கணக்கிலும் ஒரு பொறி உண்டு; நானும் அதில் ஒருமுறை விழுந்திருக்கிறேன். தரவுகள் உலகப் பொது நேரத்தில் பதியப்படுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. நமக்குப் புதன்கிழமை அதிகாலை 1:30 மணி என்றால், தரவில் அது செவ்வாய்க்கிழமை 20:00 மணி. திகதியை மாற்றிக் கணக்கிடாமல் அன்றைய காற்றின் திசையோடு ஒப்பிட்டால், புகை எதிர்த்திசையில் போனதுபோல் தோன்றும்.

இதைவிடப் பெரிய தவறு, படத்தில் தெரியும் புகை நாம் மூச்சிழுக்கும் உயரத்தில்தான் நிற்கிறது என்று எண்ணுவது. காற்றில் மிதக்கும் துகள்களின் ஒளித்தடிப்பை, அதாவது அவை வெயிலை எவ்வளவு மறைக்கின்றன என்பதைக் காட்டும் வரைபடம், தரையிலிருந்து வளிமண்டலத்தின் உச்சி வரையுள்ள முழு நிரலையும் சேர்த்து அளக்கிறது. மேலே புகைப் படலம் கடந்துபோகும்போது கீழே காற்று ஓரளவு சுத்தமாக இருக்கலாம். காலைப் பனியோடு வைக்கோற் புகை ஊருக்குள் தாழ்ந்து தேங்கும்போது படம் அதை அரைகுறையாகவே காட்டலாம். ஈரப்பதன் மிகுந்த நாளில் துகள்கள் நீரை உறிஞ்சிப் பருப்பதால், துகள் கூடாமலே தடிப்பு கூடித் தெரியும். ஆஸ்துமா உள்ள பிள்ளையை வெளியே விடுவதா என்பதை முடிவுசெய்யத் தரையில் உள்ள அளவுகருவிதான் வேண்டும். கைபேசிச் செயலிகளில் அழகாக நகரும் வண்ண வரைபடங்கள் பல, செய்மதிப் படங்களே அல்ல. அவை கணினி மாதிரிகளின் முன்கணிப்புகள். வளிமண்டலத்தைக் கண்காணிக்கும் ஐரோப்பியக் கொப்பர்னிக்கஸ் சேவையின் உலக மாதிரியில் ஒரு கட்டம் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் என்பதால், கிளிநொச்சிக்கும் பரந்தனுக்கும் அது வேறுபாடு காட்டாது.

2022 டிசம்பரில் மண்டோஸ் புயலை ஒட்டி இந்தியப் பக்கத்திலிருந்து மாசடைந்த காற்று வந்து நாடு முழுவதும் பாடசாலைகள் மூடப்பட்டபோது, வடக்கிலும் கிழக்கிலும் மாடுகள் இறந்தன. இரண்டும் ஒரே நாட்களில் நடந்ததால் புகையே மாடுகளைக் கொன்றது என்று நம்பியவர்கள் உண்டு. இறப்புகளுக்குக் காரணமாகச் சொல்லப்பட்டது கடுங்குளிர். ஒரே படத்தில் இரண்டு செய்திகளை இணைத்துவிடும் அவசரத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

புழுதியைப் பொறுத்தவரை, மண் அள்ளிய டிப்பர் கிரவல் வீதியில் கிளப்பும் புழுதியைச் செய்மதியில் தேடுவது வீண். அது மிகச் சிறியது. புழுதியை இளஞ்சிவப்பாகக் காட்டும் அகச்சிவப்பு வண்ணப்படம் பாலைவனப் புழுதியைப் பிரித்தறிவதில் வல்லது, ஆனால் ஈரம் நிறைந்த நம் வளிமண்டலத்தில் அந்த நிறம் மங்கிவிடும். இயல்பு நிறப் படத்தில் மன்னாருக்கு வடக்கே கடல் வெண்மையாகத் தெரிந்தால், அதைப் புழுதி என்று அறிவிக்கும் முன் அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை வரும் இன்சாட் என்ற இந்திய வானிலைச் செய்மதியின் படங்களை வரிசையாகப் பார்க்கவேண்டும். காற்றோடு நகர்ந்தால் அது புகையோ புழுதியோ மேகமோ ஆகலாம். நின்ற இடத்திலேயே நின்றால், பெரும்பாலும் பாக்கு நீரிணையின் ஆழமற்ற கலங்கல் நீர்தான்.