கான் நகரத்து மடாலயங்களைப் பார்க்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் கான் நகரில் உள்ள ஆண்கள் மடத்தின் தேவாலயமான சேன்-எத்தியேனைப் பார்ப்பவர்கள், அதை 11-ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவதுதான் முதல் தவறு. நார்மண்டிக் கோமகன் வில்லியம் கட்டுவித்து 1077-இல் அர்ப்பணிக்கப்பட்டது என்பது உண்மை. ஆனால் மேற்குக் கோபுரங்களின் உச்சிக் கூம்புகளும், கிழக்கே பலிபீடத்தைச் சூழ்ந்த பகுதியும் 13-ஆம் நூற்றாண்டின் கோதிக் வேலை, அதாவது கூர்முனை வளைவுகளைக் கொண்ட பிற்காலப் பாணி. அருகிலுள்ள துறவியர் மாளிகையோ அதற்கும் வெகுவாகப் பிந்தியது. இன்று நகரமன்றம் இயங்கும் அது 18-ஆம் நூற்றாண்டில் எழுந்தது.

நடுக்கூடத்தில் அண்ணாந்து பார்ப்பவர்கள், கல் கூரையும் சுவர்களோடு சேர்ந்தே கட்டப்பட்டது என்று எண்ணுகிறார்கள். முதலில் இருந்தது மரக்கூரை; கூரையின் ஒவ்வொரு சதுரத்தையும் விலா வளைவுகளால் (விலா எலும்புபோல் துருத்தி நிற்கும் கல் வளைவுகள்) ஆறு கூறாகப் பிரிக்கும் இந்தக் கல் கவிகை, அதாவது வளைந்த கூரை, ஏறக்குறைய 1120-ஐ ஒட்டியே அமைக்கப்பட்டது. சான்று வேண்டுமானால் மேல் சன்னல் வரிசையைப் பாருங்கள்: ஒரு பெரிய வளைவும் அதன் பக்கத்தில் ஒரு சிறிய வளைவும் கோணலாக ஒட்டிக்கொண்டிருக்கும். கவிகை இறங்கி வரும் சரிவுக்கு இடம் விடுவதற்காகப் பழைய சமச்சீரைக் குலைக்க வேண்டியிருந்தது. இங்கே என்னைக் கவர்வது அழகைவிட இந்தச் சங்கடம்தான். விலா வளைவைக் கண்டவுடன் கோதிக் என்று முத்திரை குத்துவதும் இதனால் தவறாகிறது. வட்ட வளைவுகளின் ரோமனெஸ்க் கட்டடத்திலேயே அது வந்துவிட்டது.

அதே நகரின் பெண்கள் மடத்துத் தேவாலயமான லா திரினித்தே, சேன்-எத்தியேனின் நகல் அன்று. வில்லியம் இங்கிலாந்தை வென்ற ஹேஸ்டிங்ஸ் போருக்குச் சில மாதங்களுக்கு முன், 1066 ஜூன் மாதம் அர்ப்பணிக்கப்பட்ட அதன் கவிகையும் ஆறு கூறாகவே தெரியும். ஆனால் அது நான்கு கூறுக் கவிகைதான், நடுவே குறுக்காகச் செல்லும் வளைவு தன்மேல் ஒரு சுவரைத் தாங்கி நிற்கிறது.

நகர நடுவே உயர்ந்து நிற்கும் சேன்-பியேர் தேவாலயத்தைப் பேராலயம் என்று அழைப்பதையும் விட்டுவிடலாம். பேராலயம் என்பது ஆயரின் இருக்கை உள்ள தேவாலயம்; இங்கே அந்த இருக்கை பாயோ நகரில் உள்ளது. சேன்-எத்தியேனில் உள்ள வில்லியமின் கல்லறையில் அவர் உடல் முழுதும் இருப்பதாகக் கருதுவதும் பிழை; 1562-இல் அது சூறையாடப்பட்டபின் எஞ்சியது ஒரு தொடையெலும்பு என்பர், மேலே கிடக்கும் பலகையும் பிற்காலத்தது. அவர் மனைவி மட்டில்டாவின் கல்லறைமேல் உள்ள கருநிறக் கல் பலகையோ அவர் இறந்த காலத்ததே. அதன் லத்தீன் எழுத்துகளை லா திரினித்தேயில் இன்றும் படிக்கலாம்.