விரலால் தேய்த்துப் பார்த்து ஆயிலை எடை போடாதீர்கள்

மெக்கானிக் என்ஜினிலிருந்து ஆயில் மட்டம் பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவுவார். நுனியில் ஒட்டியிருக்கும் ஆயிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்ப்பார். "பசையே போயிடுச்சு, உடனே மாத்திடுங்க" என்பார். அனுபவசாலியின் விரலை நான் குறைத்துச் சொல்லவில்லை. மணல் நெருநெருத்தாலோ பெட்ரோல் வாடை அடித்தாலோ அந்த விரலும் மூக்கும் சரியாகவே கண்டுபிடிக்கும். ஆனால் பாகுத்தன்மையை, அதாவது ஆயில் எவ்வளவு கெட்டி, எவ்வளவு தண்ணி என்பதை, அளக்க அவற்றால் முடியாது. விரல் அளப்பது உடல் சூட்டில். ஓடும் என்ஜினில் ஆயில் 100 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். பிஸ்டனின் மேல் வளையத்தருகே 200ஐத் தாண்டும். பாகுத்தன்மையை அளக்கும் அலகு சென்டிஸ்டோக். டப்பாவில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கும் ஆயில், 40 டிகிரியில் 60, 70 சென்டிஸ்டோக் இருந்தால், 100 டிகிரிக்குப் போனதும் பத்து, பதினொன்றுக்கு இறங்கிவிடும். சூட்டில் தண்ணியாவதுதான் அதன் இயல்பு. எவ்வளவு தண்ணியாகலாம் என்பதுதான் கேள்வி.

ஆயில் விஷயத்தில் நடக்கும் தவறுகளில் பாதி இப்படித்தான் பிறக்கின்றன. கைக்கோ கண்ணுக்கோ எட்டும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு முழு ஆயிலுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

டப்பாவில் இருக்கும் எண்

5டபிள்யூ-30 என்பதில் 5ம் 30ம் அளவுகள் அல்ல, வகுப்பின் பெயர்கள். டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. பாகுத்தன்மையை வைத்து ஆயிலை வகைப்படுத்தும் வேலையை அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ 1911இல் தொடங்கியது. இன்று அந்த வகைப்பாட்டின் பெயர் ஜே300. அதன்படி 5டபிள்யூ என்று போட வேண்டுமென்றால், மைனஸ் 30 டிகிரியில், குளிரில் என்ஜினைச் சுழற்றுவதைப் போலச் செய்யும் ஒரு கருவியில், ஆயிலின் பாகுத்தன்மை 6600 மில்லிபாஸ்கல் நொடியை (இதுவும் பாகுத்தன்மைக்கான ஓர் அலகுதான்) தாண்டக்கூடாது. 10டபிள்யூவுக்கு அதே சோதனை மைனஸ் 25இல், 7000 வரை. இதற்கும் 5 டிகிரி கீழே இன்னொரு சோதனை உண்டு. ஆயில் பம்பு வரை வந்து சேருமா, உறைந்து நின்றுவிடுமா என்று அது பார்க்கும்.

பின்னால் வரும் 30க்கு 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் இருந்தால் போதும். 9.4 இருப்பதும் 30தான், 12.4 இருப்பதும் 30தான். "30 எல்லாம் ஒண்ணுதான்" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பலர் விட்டுவிடும் மூன்றாவது அளவும் இருக்கிறது. பேரிங்கின் மெல்லிய இடைவெளியில் ஆயில் சும்மா வழிவதில்லை, கிழிபடுகிறது. அந்த நிலையைப் போலச் செய்ய, 150 டிகிரியில் நொடிக்கு 10 லட்சம் என்ற வெட்டு வீதத்தில் (ஆயில் அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று எவ்வளவு வேகமாகச் சறுக்குகின்றன என்பது) பாகுத்தன்மையை அளக்கிறார்கள். 30 கிரேடு அங்கே 2.9 மில்லிபாஸ்கல் நொடிக்குக் குறையக்கூடாது. இந்தச் சோதனை எதற்கு? ஆயிலில் பாலிமர் சேர்த்திருக்கிறார்கள். சூட்டில் அந்தப் பாலிமர் இழைகள் விரிந்து ஆயில் மேலும் தண்ணியாகாமல் தாங்குகின்றன. ஆனால் பேரிங் நெருக்கத்தில் அதே இழைகள் ஒரே திசையில் படுத்துக்கொள்ளும். ஆயில் தற்காலிகமாக இளகும். சில இழைகள் அறுந்தே போகும். அந்த இழப்பு திரும்பாது. அதைப் பார்க்க ஆயிலை டீசல் இன்ஜெக்டரின் நுண்துளை வழியாக 30 முறை தள்ளி, மறுபடி அளப்பார்கள். புது ஆயிலாக இருந்தபோது 40ஆகப் பிறந்தது, வெளியே வரும்போது 30ஆக வரலாம்.

சரி, அப்படியானால் ஒரு கிரேடு கூட்டிப் போட்டால் பாதுகாப்புதானே என்று தோன்றும். மிகப் பரவலான தவறு இதுதான். கெட்டி ஆயில் குளிர்ந்த என்ஜினில் மேல்தலைக்கு ஏறத் தாமதமாகும். ஆயில் அழுத்தத்தாலேயே வால்வு நேரத்தை மாற்றும் அமைப்புகள் தடுமாறும். மைலேஜும் குறையும். எதிர்த்திசையிலும் இதே தவறு நடக்கிறது: மைலேஜுக்கு ஆசைப்பட்டு, கெட்டி ஆயிலுக்கென்று இடைவெளி வைத்துச் செய்த பழைய என்ஜினில் 0டபிள்யூ-20ஐ ஊற்றுவது. கையேட்டில் போட்டிருக்கும் கிரேடு பேரிங் இடைவெளியைப் பார்த்து எழுதியது.

சிந்தெடிக் என்ற சொல்

கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்தபின் அடியில் தங்குவதை வெற்றிடத்தில் மறுபடி வடித்து, மெழுகையும் வேண்டாத சேர்மங்களையும் நீக்கினால், என்ஜின் ஆயிலுக்கு அடிப்படையான பேஸ் ஆயில் கிடைக்கும். பேஸ் ஆயில்களை ஐந்து குரூப்பாகப் பிரிப்பார்கள். கரைப்பான் கொண்டு சுத்தம் செய்தால் முதல் குரூப். ஹைட்ரஜனோடு வினைபுரியச் செய்தால் இரண்டாவது. அதே வேலையை இன்னும் கடுமையாகச் செய்து பாகுத்தன்மைக் குறியீட்டை (இது கூடக் கூட ஆயில் சூட்டில் குறைவாகவே தண்ணியாகும்) 120க்கு உயர்த்தினால் மூன்றாவது. நான்காவது குரூப், எத்திலீனிலிருந்து கட்டியெழுப்பும் பாலி ஆல்ஃபா ஓலிஃபின். இந்த நான்கில் அடங்காத எஸ்டர் போன்றவை ஐந்தாவது.

சிந்தெடிக் என்றால் கச்சா எண்ணெய்க்குச் சம்பந்தமில்லாதது என்று நம்புவது தவறு. கச்சா எண்ணெயிலிருந்து வந்த மூன்றாம் குரூப்பையும் அப்படி அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய நிறுவனங்கள் மோதின; 1999இல் விளம்பர நெறிமுறை அமைப்பு அழைக்கலாம் என்றது. அதன்பின் அந்தச் சொல்லை வைத்து டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்ல முடியாது. நான்காம் குரூப் என்றாலே உசத்தி என்பதும் அரைகுறை. அது சேர்க்கைப் பொருள்களைச் சரியாகக் கரைக்காது, ரப்பர் சீல்களைச் சுருங்கச் செய்யும். அதைச் சரிக்கட்டவே கொஞ்சம் எஸ்டர் கலக்கிறார்கள்.

கலக்கும் இடத்தில்

என்ஜின் ஆயிலில் பத்தில் ஒரு பங்கிலிருந்து கால் பங்கு வரை சேர்க்கைப் பொருள்கள்தான். கலப்புத் தொட்டியைச் சூடாக்காவிட்டால் கெட்டியான பாலிமர் கரையாது. அதிகம் சூடாக்கினால் தேய்மானத்தைத் தடுக்கும் துத்தநாக-பாஸ்பரஸ் சேர்மம் சிதையத் தொடங்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை.

எனக்கு எப்போதும் வேடிக்கையாகத் தோன்றுவது நுரை தடுப்பான். பத்து லட்சத்தில் சில பங்கு சிலிக்கோன் போதும். அது ஆயிலில் கரைவதில்லை, நுண்துளிகளாக மிதக்க வேண்டும். சரியாகப் பரவாவிட்டால் அடியில் தங்கிவிடும். மேலே எடுத்த மாதிரி நுரைக்கும், கீழே எடுத்தது நுரைக்காது. நுரைக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினால், நுரை அடங்கும், ஆனால் ஆயிலுக்குள் சிக்கிய காற்று வெளியேறத் தாமதமாகும். ஆகவே தொட்டியின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும். சோதனையில் 5 நிமிடம் காற்றை ஊதி, பிறகு 10 நிமிடம் விட்டுப் பார்ப்பார்கள். முந்தைய கலவை குழாயில் தேங்கியிருந்தால் இதெல்லாம் வீண். குழாயைக் கழுவாமல் அடுத்ததை ஓட்டுவது தொழிற்சாலைகளில் நடக்கும் பழைய தவறு.

பாகுத்தன்மை, தீப்பற்றும் நிலை (ஆயிலின் ஆவி தீப்பிடிக்கும் வெப்பநிலை), கால்சியம், துத்தநாகம், நீர் ஆகியவற்றைப் பார்த்து ஒரு தொகுதியை வெளியே அனுப்புகிறார்கள். அந்த அறிக்கைக்கு அர்த்தம், கலவை செய்முறைப்படி இருக்கிறது என்பது மட்டுமே. செய்முறையே நல்லதா என்பதை என்ஜின்தான் சொல்ல வேண்டும். சோதனை மேடையில் என்ஜினை நூற்றுக்கணக்கான மணி நேரம் ஓட்டி, பிரித்து, பிஸ்டனில் படிந்த கசடுக்கும் கேம் தேய்மானத்துக்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் மதிப்பெண் போடுவார்கள். "தீப்பற்றும் நிலை அதிகம், அதனால் நல்ல ஆயில்" என்று ஒரு எண்ணை மட்டும் காட்டுபவரை அதனால்தான் நான் நம்புவதில்லை. ஆயில் குறைவதைப் பற்றிக் கவலையென்றால் ஆவியாதல் சோதனையைக் கேளுங்கள். 250 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் பெட்ரோல் கார் ஆயில் 15 சதவீதத்துக்கு மேல் இழக்கக்கூடாது.

சுழலும் வளையத்தின் மேல் ஓர் உருளையை அழுத்தி, "பாருங்க, எங்க ஆயில்ல தேயவே இல்ல" என்று காட்டும் வீடியோக்கள் இன்னொரு வகை. குளோரின் சேர்மம் கலந்தாலே அதில் ஜெயித்துவிடலாம். என்ஜினுக்குள் போனால் அந்தக் குளோரின் அமிலமாகி அரிக்கும்.

கூடுதல் பாட்டில்

தேய்மானத் தடுப்பான், கழுவும் சேர்மம், உராய்வு குறைப்பான் மூன்றும் ஒரே உலோகப் பரப்பில் இடம் பிடிக்கப் போட்டியிடுகின்றன. பாஸ்பரஸ் அதிகமானால் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி கெடும். அதனால் பெட்ரோல் கார்களின் மெல்லிய ஆயில்களில் அதற்கு 0.08 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கழுவும் சேர்மத்திலிருந்து வரும் கால்சியம் அதிகமானால் சின்ன டர்போ என்ஜின்களில், குறைந்த வேகத்தில் எரிபொருள் முன்கூட்டியே தீப்பற்றும் வாய்ப்பு கூடும். 2020 மே மாதம் வந்த, அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் ஏபிஐ எஸ்பி தரத்தில் இதற்கென்றே ஓர் என்ஜின் சோதனை இருக்கிறது. இத்தனை சமரசங்கள் செய்து முடித்த கலவையில் மேலே ஒரு பாட்டில் ஊற்றினால், அந்தச் சோதனைகள் எதுவும் இனி உங்கள் ஆயிலுக்குப் பொருந்தாது.

பைக்கில் இது இன்னும் சீக்கிரம் தெரிந்துவிடும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் அதே ஆயிலில் நனைந்துகொண்டிருக்கும். உராய்வு குறைப்பான் உள்ள கார் ஆயிலை ஊற்றினால் கிளட்ச் வழுக்கும். டப்பாவில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். எம்பி என்பது நனைந்த கிளட்ச் இல்லாத வண்டிகளுக்கு.

கறுத்தால் கெட்டதா?

இல்லை. புகைக்கரி கட்டியாகச் சேராமல் ஆயிலிலேயே மிதக்க வைப்பதற்கென்று ஒரு சேர்மம் இருக்கிறது. அது வேலை செய்வதால்தான் கறுக்கிறது. டீசல் என்ஜினில் ஊற்றிய சில நாளிலேயே கறுத்துவிடும். பாலும் தண்ணீரும் கலந்தது போல வெளுத்தால்தான் கவலைப்பட வேண்டும். அதுவும் மூடிக்கு அடியில் மட்டும் லேசாக இருந்தால், குளிரில் குட்டிக் குட்டிப் பயணங்கள் போனதால் படிந்த ஈரமாக இருக்கலாம்.

பழைய ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்புபவர்கள் செய்யும் பிழை, மாதிரி எடுப்பதில். குளிர்ந்த என்ஜினில் முதலில் வழியும் ஆயிலில் அடிக்கசடுதான் வரும். என்ஜினைச் சூடாக்கிவிட்டு, பாதி வடிந்தபின் பிடியுங்கள். அறிக்கையில் சிலிக்கான் கூடுதலாக இருந்தால் ஏர் ஃபில்டரைப் பாருங்கள், ஆனால் அண்மையில் கேஸ்கெட் பசை போட்டிருந்தாலும் அது ஏறும். சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து ஏறினால் கூலன்ட் கசிவு என்று சந்தேகிக்கலாம்.

கடைசியாகப் பீப்பாய். திறக்காத பீப்பாயை நிமிர்த்தி வெட்டவெளியில் வைத்தால் உள்ளே தண்ணீர் போகாது என்று நினைக்கிறோம். வெயிலில் உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடி வழியாக வெளியேறும். மழை பெய்து குளிர்ந்ததும், மேலே தேங்கிய நீரை அதே மூடி வழியாக உள்ளே உறிஞ்சும். பீப்பாயைப் படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தின் 3க்கும் 9க்கும் நேராக, ஆயில் மட்டத்துக்குக் கீழே இருக்கும்படி திருப்பிவிட்டால் அது மூச்சு விடாது.