மரத்தடியில் உட்கார்ந்தும் மனம் அடங்கவில்லையா?

"தினமும் கொஞ்ச நேரம் மரம் மட்டையைப் பாருங்கள், மனசு லேசாகும்" என்று டாக்டர் முதல் பக்கத்து வீட்டுக்காரர் வரை எல்லோரும் சொல்கிறார்கள். அதை நம்பிப் பூங்காவுக்குப் போகிறவர்களில் பலர் நாலைந்து நாளில் நிறுத்திவிடுகிறார்கள். கண்ணெதிரே மரம் நிற்கிறது, மண்டைக்குள்ளே இஎம்ஐ கணக்கு ஓடுகிறது. பெரும்பாலும் கோளாறு பார்க்கும் விதத்தில்தான் இருக்கிறது.

அமைதி வந்துவிட்டதா என்று காவல் காப்பது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான். உட்கார்ந்த இரண்டாவது நிமிடமே "இன்னும் டென்ஷன் குறையவில்லையே" என்று உள்ளே எட்டிப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1989இல் ஒரு விளக்கம் தந்தார்கள். கணினி, கணக்கு, சாலை நெரிசல் இவற்றுக்கெல்லாம் கவனத்தை நாமே பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அப்படி நிறுத்தி நிறுத்தி அது களைத்துப்போகிறது. ஆடும் இலை, நகரும் மேகம் போன்றவை நம் கவனத்தைத் தாமாகவே இழுத்துக்கொள்வதால், அந்த நேரத்தில் களைத்த கவனம் ஓய்வெடுக்கிறது. மனநிலையை நிமிடத்துக்கு ஒருமுறை சோதிப்பவர், ஓய்வெடுக்க வேண்டிய அதே கவனத்தை மறுபடி வேலைக்கு இழுக்கிறார்.

எனவே மனசை விட்டுவிட்டுக் கண்ணுக்கு வேலை கொடுங்கள். காற்று வந்தால் எந்தக் கிளை முதலில் அசைகிறது? தளிரிலும் முற்றிய இலையிலும் பச்சை எப்படி மாறுகிறது? அடிமரத்தில் ஏறும் எறும்பும் இறங்கும் எறும்பும் எந்த இடத்தில் முட்டிக்கொள்கின்றன? இந்த மாதிரிச் சின்னக் கேள்வி ஒன்று போதும். நினைப்பு வேறெங்காவது ஓடிவிட்டால் அதோடு சண்டை போடாமல் மறுபடி கேள்விக்குத் திரும்புங்கள். பத்து நிமிடத்தில் இருபது தடவை ஓடினாலும் அது தோல்வி இல்லை.

தூரத்து மலைக்காகக் காத்திருப்பது

கொடைக்கானல் போனால்தான் இயற்கை என்று நினைத்தால் வருடத்துக்கு மூன்று நாள்தான் கிடைக்கும், அதிலும் பாதி டிராஃபிக்கில் போய்விடும். ரோஜர் உல்ரிக் 1984இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வில் வந்தது காடு அல்ல, ஜன்னல். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே சில மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடக் கொஞ்சம் முன்பே வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. மொத்தம் 46 பேர்தான், அதனால் ஒரேயடியாகத் தூக்கிப் பேச வேண்டாம். ஆனாலும் ஜன்னலில் தெரியும் மரத்தை அலட்சியப்படுத்தவும் வேண்டாம்.

வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் ஒரே மரத்தைத் தேர்ந்தெடுங்கள். வேம்பு, புங்கை, தூங்குமூஞ்சி என எதுவானாலும் சரி. வாரத்துக்கு ஒரு புது இடம் என்று அலைந்தால் எதுவும் பிடிபடாது. ஒரே வேம்பைப் பார்த்து வருபவருக்குத்தான் மாசியில் பழுப்பு உதிர்ந்து செம்பு நிறத்தில் துளிர் வருவதும், சித்திரையில் தரையெல்லாம் பூ கொட்டிக் கிடப்பதும், ஆனி ஆடியில் பழத்துக்கு மைனாவும் குயிலும் வருவதும் தெரியும்.

வந்ததும் பார்த்து, பார்த்ததும் கிளம்புவது

நீங்கள் மரத்தடிக்கு வரும்போதே அங்கே இருந்தவை ஒதுங்கிவிடும். அணில் வாலை ஆட்டிக் கத்தும், குருவி உச்சிக்குப் போகும். ஆடாமல் அசையாமல் பத்துப் பதினைந்து நிமிடம் இருந்தால்தான் நிலைமை பழையபடி ஆகும். தவிட்டுக்குருவிக் கூட்டம் தரைக்கு இறங்கிச் சருகைப் புரட்ட ஆரம்பித்தால் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டன என்று பொருள். ஐந்து நிமிடத்தில் எழுந்து போகிறவர் காலியான மரத்தை மட்டும் பார்த்துவிட்டு "ஒன்றுமே இல்லை" என்கிறார்.

நடைப்பயிற்சியையும் இதையும் ஒன்றாக முடித்துவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். வேக நடை உடம்புக்கு நல்லதுதான், ஆனால் அது தனி வேலை. அமெரிக்காவில் நகரவாசிகளை வைத்து நடந்து 2019இல் வெளியான ஓர் ஆய்வில், வெளியே இருக்கும் நேரத்தில் வேர்க்க வைக்கும் உடற்பயிற்சி, போன், பேச்சு, வாசிப்பு எதுவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். எச்சிலில் அளந்த கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் வேகமாகக் குறைந்தது 20 முதல் 30 நிமிடத்துக்குள். ஆனால் புதிதாகத் தொடங்குபவர் முதல் வாரம் பத்து நிமிடத்தோடு நிறுத்துவது நல்லது. முதல் நாளே அரை மணி நேரம் உட்கார்ந்தால் சலிப்புதான் வரும்.

விறைத்துப் பார்ப்பது

'கவனமாகப் பார்' என்றதும் ஒரே இலையை முறைத்துக்கொண்டு, இமைக்க மறந்து, கண் எரிந்து, தலைவலியோடு திரும்புகிறவர்கள் உண்டு. பார்வையை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். பத்து நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்:

முதல் மூன்று நிமிடம் அகலப் பார்வை. நேரே பார்த்தபடி இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை ஆட்டுங்கள். விரல் அசைவு கண்ணோரத்தில் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் இடமே உங்கள் பார்வையின் எல்லை. கையை இறக்கிவிட்டு அந்த அகலம் முழுவதையும் ஒரே சமயத்தில் கவனியுங்கள்.

அடுத்த ஐந்து நிமிடம் கிட்டப் பார்வை. உள்ளங்கை அளவு இடம் போதும். மாமரமாக இருந்தால் முசுறு எறும்புக் கூடு இருக்கிறதா என்று தேடுங்கள், ஒரு முழம் தள்ளி நின்றே பாருங்கள், கடித்தால் சுரீர் என்று எரியும். கூடு கட்டும் சமயம் வாய்த்தால் ஒரு வரிசை எறும்புகள் இரண்டு இலைகளின் விளிம்பைக் கவ்வி இழுத்துப் பிடித்திருக்கும். வேறு சில எறும்புகள் தங்கள் வெள்ளைப் புழுவை வாயில் கவ்விக்கொண்டு இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்குமாகத் தொட்டுத் தொட்டு எடுக்கும். புழு விடும் பட்டிழைதான் தையல். இது கண்ணில் பட்டவருக்கு ஐந்து நிமிடம் போனதே தெரியாது.

கடைசி இரண்டு நிமிடம் தூரப் பார்வை. இலை இடுக்கில் தெரியும் வானம் போதும், திரையையே பார்த்து இறுகிய கண் தசை தளரும்.

கழுத்தையும் மறக்கக் கூடாது. மரத்தின் காலடியிலேயே உட்கார்ந்து உச்சியை அண்ணாந்து பார்த்தால் ஐந்தாவது நிமிடம் பிடரி வலிக்கும். பத்து மீட்டர் உயர மரமென்றால் இருபது மீட்டர் தள்ளி உட்காருங்கள். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிரே இருந்தால் பறவையெல்லாம் கறுப்பு நிழலாகத்தான் தெரியும். உதய சூரியனையே உற்றுப் பார்க்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம், விழித்திரை கெடும்.

ஆறு மணியிலிருந்து ஏழரை வரை நல்ல நேரம், இல்லையென்றால் மாலை ஐந்து மணிக்குப் பிறகு. டெங்குக் கொசு கடிக்கும் நேரமும் ஏறக்குறைய அதுதான் என்பதால் முழுக்கைச் சட்டை, கால் மூடும் உடை அவசியம். கொசு கடிக்கிற இடத்தில் எந்த அமைதியும் வராது.

போனும் பெயரும்

குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் செயலிகள் வந்துவிட்டன. மெர்லின் நல்ல கருவிதான். ஆனால் "செம்போத்து" என்று திரையில் வந்ததும் தலை குனிந்து அதன் விவரத்தைப் படிக்கிறோம்; செம்போத்து அதற்குள் புதருக்குள் போய்விடுகிறது. வாலின் நீளம், நடை, எந்த உயரத்தில் உட்கார்ந்தது என்பதை மனதில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பெயர் தேடுங்கள்.

படம் எடுப்பதும் இப்படித்தான். லிண்டா ஹென்கெல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகப் பொருட்களை முழுதாகப் படமெடுத்தவர்களுக்கு அவை வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாக நினைவில் இருந்தன. ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்தக் குறை இல்லை. கை பரபரத்தால், கிளம்பும்போது ஒரே ஒரு படம், அதுவும் ஒரு பட்டையையோ காயையோ எடுங்கள். பறவைக் கூட்டை மட்டும் படமெடுக்கவே வேண்டாம். நீங்கள் அடிக்கடி எட்டிப் பார்க்கும் இடத்தைக் காகமும் பார்த்துக்கொண்டிருக்கும். பிஸ்கட் போட்டுக் குரங்கையும் புறாவையும் அருகில் வரவழைப்பதும் வேண்டாம். அவை வயிற்றுக்காக உங்களைச் சுற்றும், நீங்கள் பார்க்க வந்த இயல்பு போய்விடும்.

120 நிமிடக் கணக்கு

வாரம் 120 நிமிடம் இயற்கையில் இருக்க வேண்டும் என்று மருந்துச் சீட்டு மாதிரி ஒரு கணக்கு சுற்றுகிறது. இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் கேட்டு 2019இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது அது. அந்த அளவு நேரம் செலவிட்டவர்களில் "நலமாக இருக்கிறேன்" என்றவர்கள் அதிகம், அவ்வளவுதான். நலமாக இருப்பவர்கள்தானே வெளியே அதிகம் போவார்கள் என்ற கேள்வியும் அதில் உண்டு. ஒரே மூச்சில் போனாலும் பிரித்துப் போனாலும் வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் அதில் நமக்குப் பயன்படும் செய்தி. 119ஆவது நிமிடத்தில் யாரும் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை.

சிலருக்கு மட்டும் சும்மா உட்கார்ந்தால் பழைய கவலையெல்லாம் கிளம்பி வரும். அவர்கள் தனியே உட்கார வேண்டாம். கூட ஒருவரை அழைத்துக்கொண்டு மெல்ல நடந்தபடி, கண்ணில் படுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் மரத்தை நம்பிக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இந்தியாவில் எங்கிருந்தும் அழைக்கலாம், கட்டணம் இல்லை, தமிழிலும் பேசுவார்கள்.