தோட்டத்துக்கு புதுசா வர்றவங்களுக்கு: சிம்மும் ஓடிபியும் உங்க பேர்லயே இருக்கட்டும்

ஊர்லேர்ந்து மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் தோட்ட வேலைக்கு வர்றவங்க எங்கிட்ட கேக்குறது எல்லாம் சம்பளம் எந்த தேதியில போடுவாங்க, ரூம்ல எத்தனை பேரு, பொன்னி அரிசி கிடைக்குமா இந்த மாதிரிதான். போன் நம்பரைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஆனா நான் 2018ல வந்ததுலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன், தோட்டத்துல ஆளுங்க ராத்திரி தூக்கமில்லாம உக்காந்திருந்ததுல பாதிக்கு மேல இந்த ஓடிபி வரல, கணக்கு லாக் ஆயிருச்சு, கஸ்டமர் சர்வீஸ் எடுக்க மாட்டேங்குறான் இதனாலதான். அதனால அரிசி கதையை யாராவது சொல்லுவாங்க, நான் இதை சொல்றேன்.

முதல்ல சிம்மு. இங்க பிரீபெய்டு சிம்முக்கு பாஸ்போர்ட் ஒரிஜினல் வேணும், கடைக்காரர் அதை ஸ்கேன் பண்ணி உங்க பேர்ல பதிவாரு. புதுசா வந்தவுடனே பாஸ்போர்ட் பெர்மிட் அடிக்கப் போயிரும், கையில இருக்காது, அப்ப ரூம்ல யாராவது அண்ணன் "என் பேர்ல ஒண்ணு எடுத்துக்க தம்பி"ன்னு சொல்லுவாங்க. நல்ல மனசுலதான் சொல்லுவாங்க. வேணாம்னு சொல்லிடுங்க. பாஸ்போர்ட் வர்ற வரைக்கும் வைஃபையில வாட்ஸ்அப் பேசிக்கலாம், ரெண்டு வாரம் ஆனாலும் பரவால்ல. இல்லன்னா ஏர்போர்ட்ல இறங்கினவுடனே, பாஸ்போர்ட் கையில இருக்கும்போதே ஒரு சிம் வாங்கிடுங்க, அதுதான் நல்ல வழி.

நான் அப்படி செய்யல. ரூம்ல இருந்த அண்ணன் ஒருத்தர் அவர் பாஸ்போர்ட்ட குடுத்து எனக்கு சிம் வாங்கிக் குடுத்தாரு. ரெண்டு வருஷம் ஒரு பிரச்சனையும் இல்ல, அந்த நம்பர்லயே ஒரு இ-வாலட், அதாவது போன் ஆப்புலயே காசு வச்சுக்குற கணக்கு, திறந்தேன், ஓவர்டைம் காசெல்லாம் அதுலதான் போட்டு வச்சேன். 2020 பிப்ரவரியில அண்ணன் லீவுக்கு ஊருக்குப் போனாரு, மார்ச் 18லேர்ந்து இங்க நடமாட்டக் கட்டுப்பாடு வந்துருச்சு, அவரால திரும்பி வரவே முடியல. அந்த வருஷம் நவம்பர்ல நல்ல மழை, செம்பனை (எண்ணெய்ப்பனை) காட்டுக்குள்ள காவாயைத் தாண்டும்போது சட்டைப் பையிலேர்ந்து போன் தண்ணிக்குள்ள விழுந்துருச்சு, அரை மணி நேரம் கையை விட்டு தடவிப் பாத்தேன், கிடைக்கல. சரி அதே நம்பர்ல புது சிம் வாங்கலாம்னு டவுனுக்குப் போனா கவுண்டர்ல இருந்த பொண்ணு ஸ்கிரீனைப் பாத்துட்டு "இது உங்க பேர் இல்லையே, பதிவு பண்ணவரு நேர்ல வரணும்"னு சொல்லிருச்சு. அவரு இருக்கறது புதுக்கோட்டையில. வாலட்ல 640 வெள்ளி, ரிங்கிட்டைத்தான் இங்க அப்படி சொல்வோம், சுருக்கமா ஆர்எம்.

அதுக்கப்புறம் நடந்ததைத்தான் நீங்க முக்கியமா தெரிஞ்சுக்கணும். அந்த கம்பெனி ஆப்புல சாட் மட்டும்தான், அதுவும் மிஷின் பேசுற சாட். தோட்டத்துல நாங்க தங்குற வரிசை வீடு, லயம்னு சொல்வோம், அதுக்குள்ள சிக்னல் வராது, கோயிலுக்குப் பின்னாடி சின்னப் பாலத்து மேல நின்னா ரெண்டு கட்டம் வரும், வேலை முடிஞ்சு தினம் சாயங்காலம் அங்க போயி ரூம் பையனோட போன்ல நின்னுக்கிட்டே டைப் பண்ணுவேன். நம்பர் தொலைஞ்சிருச்சுன்னு டைப் பண்ணா, உங்களை உறுதி செய்யணும், பதிவான நம்பருக்கு கோடு அனுப்பியிருக்கோம், அதைப் போடுங்கன்னு பதில் வரும். அந்த நம்பர்தான் இல்லைன்னு திருப்பி எழுதினா மறுபடியும் அதே பதில். கொசு கடிக்க இருட்டுல நின்னு நாலு நாள் அதையே படிச்சேன். இமெயில் அனுப்பினேன், ஐசி முன்பக்கம் பின்பக்கம் படம் அனுப்புங்கன்னாங்க. ஐசிங்கறது மலேசியாக்காரங்களுக்கு உள்ள 12 நம்பர் அடையாள அட்டை, நமக்கு ஏது? பாஸ்போர்ட் படம் அனுப்பினேன். ஒன்பது நாள் கழிச்சு அவங்க கேட்ட ஒரு கேள்வி ஸ்பாம் பெட்டிக்குள்ள போயிருந்துச்சு, நான் பாக்கல, பதில் வரலைன்னு டிக்கெட்டை, அதாவது என் புகாரை, மூடிட்டாங்க. மறுபடி முதல்லேர்ந்து. காசு கைக்கு வர 11 வாரம் ஆச்சு.

கடைசியில எது வேலை செஞ்சதுன்னு கேட்டா, கோபமா எழுதினதெல்லாம் ஒண்ணும் செய்யல. எங்க தோட்டத்து ஆபீஸ் எழுத்தர் கிராணி ஐயா உக்காந்து மலாய்ல ஒரே ஒரு பக்கம் எழுதிக் குடுத்தாரு. கணக்கு திறந்த மாசம், நம்பர், கடைசியா காசு போட்ட மூணு தேதியும் தொகையும், பாஸ்போர்ட்ல உள்ளபடி பேரு, பாஸ்போர்ட் நம்பர், முன்னாடி குடுத்த டிக்கெட் நம்பருங்க, எனக்கு என்ன வேணும்ங்கறது ஒரு வரி. அண்ணனும் ஊர்லேர்ந்து கையெழுத்து போட்ட ஒரு கடிதத்தைப் படம் எடுத்து அனுப்பினாரு. அதை அனுப்பும்போது, இத்தனை நாளுக்குள்ள பதில் இல்லைன்னா மலேசியாவோட மத்திய வங்கியான பேங்க் நெகாராவுக்கு எழுதுவோம்னு மரியாதையா ஒரு வரி சேர்த்திருந்தாரு ஐயா. அஞ்சாவது நாள் ஒரு மனுஷன் போன் பண்ணாரு, மிஷின் இல்ல, நெஜ மனுஷன்.

இதுலேர்ந்து நீங்க எடுத்துக்க வேண்டியது, புகார்னா எப்பவும் முதல்ல கம்பெனிக்கு எழுத்துல போகணும், டிக்கெட் நம்பரை போட்டோ எடுத்து வச்சுக்கணும், ஸ்பாம் பெட்டியை தினம் பாக்கணும். அதுக்கும் அசையலைன்னாதான் மேல போகலாம். பேங்க், இ-வாலட் ரெண்டுமே பேங்க் நெகாரா கட்டுப்பாட்டுல வரும், அவங்க பொதுமக்கள்கிட்ட புகார் கேக்குற பிஎன்எம்லிங்க் நம்பர் 1-300-88-5465. சிம்மு, இன்டர்நெட் லைன் பிரச்சனைன்னா அது எம்சிஎம்சிங்கற தொடர்பு ஆணையம், அது வேற இடம், மாத்தி எழுதினா நாள்தான் வீணாப் போகும். 1-300ல ஆரம்பிக்கிற நம்பர் எல்லாம் இலவசம் இல்ல, டாப்அப் பாத்துட்டு கூப்பிடுங்க, அரை மணி நேரம் பாட்டு கேக்க வச்சு பாதியில லைன் கட்டாயிரும். காலையில திறந்தவுடனே கூப்பிட்டா சீக்கிரம் எடுப்பாங்க, மத்தியானம் வேண்டாம்.

பேரு விஷயம் இன்னொரு தலைவலி. நம்ம தமிழ்நாட்டு பாஸ்போர்ட்ல அப்பா பேரு ஒருத்தருக்கு சர்நேம் இடத்துல இருக்கும், ஒருத்தருக்கு சர்நேமே காலியா இருக்கும், ஒருத்தருக்கு இனிஷியல் மட்டும் நிக்கும். இங்க உள்ள தமிழங்க பேர்ல நடுவுல ஏ/எல், ஏ/பி-ன்னு வரும், அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது மகன், மகள். கவுண்டர்ல டைப் பண்றவங்க பழக்கத்துல நம்ம பேருக்கு நடுவுலயும் ஏ/எல் போட்டுருவாங்க. அப்ப ஒண்ணும் தெரியாது. அப்புறம் ஆப்புல பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணும்போது பேர் ஒத்துப் போகலைன்னு தள்ளிவிடும், ஏன் தள்ளுதுன்னும் சொல்லாது. அதனால எந்த கவுண்டரா இருந்தாலும் எழுந்து வர்றதுக்கு முன்னாடி ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டச் சொல்லி, பாஸ்போர்ட்ல உள்ள ஒவ்வொரு எழுத்தையும் கை வச்சு பாருங்க, கூச்சப்படாதீங்க. நம்ம பாஸ்போர்ட் நம்பர் ஒரு எழுத்து, அப்புறம் ஏழு நம்பர், அதையும் பாருங்க. ஸ்கேன் பண்றப்ப டியூப்லைட்டுக்கு நேர் கீழ வச்சா பளபளன்னு அடிச்சு எடுக்காது, பகல் வெளிச்சத்துல வாசப்படியில கறுப்புத் துணி விரிச்சு வச்சு எடுங்க, உடனே எடுத்துக்கும்.

பாஸ்போர்ட் புதுப்பிச்சா நம்பர் மாறிரும்னு நிறைய பேருக்கு ஞாபகமே இருக்காது. பேங்க்ல உங்களுக்கு அடையாளமே அந்த பழைய நம்பர்தான். புது பாஸ்போர்ட் வந்தவுடனே பழசையும் புதுசையும் சேர்த்து எடுத்துக்கிட்டு கணக்கு உள்ள கிளைக்குப் போயி மாத்துங்க, பெர்மிட் தேதியும் அதுலயே மாத்தச் சொல்லுங்க. பேங்க் வார நாள்லதான் திறந்திருக்கும், நமக்கு லீவு ஞாயித்துக்கிழமை, அதனால வேலையை மேற்பார்க்குற மண்டோர்கிட்ட முன்கூட்டியே அரை நாள் கேட்டு வச்சுக்குங்க. இதைத் தள்ளிப் போட்டுட்டு சம்பளம் போட்ட அன்னைக்கு ஏடிஎம் முன்னாடி நின்னு கார்டு வேலை செய்யலைன்னு பதறினவங்களை நான் பாத்திருக்கேன்.

பேங்க் ஆப்பு பத்தி. 2022 செப்டம்பர்ல பேங்க் நெகாரா, மோசடி அதிகமாயிருச்சுன்னு எல்லா பேங்குக்கும் புது விதி போட்டுச்சு. எஸ்எம்எஸ் ஓடிபியை விட்டுட்டு ஆப்புக்குள்ளயே சம்மதம் குடுக்குற முறைக்கு மாறணும், ஒரு ஆளுக்கு ஒரே ஒரு போன்லதான் அது வேலை செய்யணும், புது போன்ல பதிஞ்சா கொஞ்ச நேரம் காத்திருக்கணும், பல பேங்க்ல அது 12 மணி நேரம். இது நம்ம நல்லதுக்குத்தான், ஆனா தெரியாம இருந்தா மாட்டிப்போம். ஊருக்கு காசு அனுப்புற நாள் காலையில போன் மாத்தாதீங்க. புது போன்ல ஆப்பு முழுசா வேலை செய்யுற வரைக்கும் பழைய போனை விக்காதீங்க, அழிக்காதீங்க. ஊர்லேர்ந்து ரொம்பப் பழைய போன் கொண்டு வர்றவங்களும் கவனிங்க, மலேசியாவுல 3ஜியை 2021 கடைசியில மூடிட்டாங்க, 4ஜி இல்லாத போன்ல சிம்மை வச்சு பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், ஆப்பெல்லாம் சரியா ஓடாது.

மலாய் தெரியலைன்னு பயப்பட வேண்டாம், ஸ்கிரீன்ல வர்ற சொல்லு பத்து பதினஞ்சுதான் திரும்பத் திரும்ப வரும். காத்தா லாலுவான்னா பாஸ்வேர்டு, லுப்பா காத்தா லாலுவான்னா மறந்துட்டேன், லொக் மாசொக் உள்ள போறது. ஹந்தார் அனுப்பு, பாத்தால் வேணாம், சிம்பான் சேமி, செத்துஜு சம்மதம். காகால்னு சிவப்புல வந்தா நடக்கலைன்னு அர்த்தம், தாமாட் தெம்போன்னா கோடோட நேரம் முடிஞ்சிருச்சு. ஜாங்ஙான் கொங்சின்னு எஸ்எம்எஸ்ல இருக்கும் பாருங்க, யாருக்கும் சொல்லாதேன்னு அர்த்தம், அதை மட்டுமாவது மனப்பாடம் பண்ணிக்குங்க. எஸ்எம்எஸ் ஆரம்பத்துல ஆர்எம் 0.00ன்னு இருந்தா காசு பிடிச்சுட்டாங்கன்னு நினைக்காதீங்க, அந்த மெசேஜுக்கு கட்டணம் இல்லைன்னு காட்டுறாங்க, அவ்வளவுதான்.

யாராவது போலீஸ், பேங்க், கூரியர்னு சொல்லி போன் பண்ணி கோடு கேட்டா வச்சிருங்க. கல்யாணப் பத்திரிகை மாதிரி வாட்ஸ்அப்ல ஃபைல் அனுப்பி இன்ஸ்டால் பண்ணச் சொன்னாலும் தொடாதீங்க, அது உள்ள போயி உங்க எஸ்எம்எஸ்ஸையெல்லாம் படிக்கும். காசு போயிருச்சுன்னு தெரிஞ்சா அழுதுக்கிட்டு உக்காராம உடனே 997. அது மோசடிக்குன்னே 2022 அக்டோபர்ல ஆரம்பிச்ச மையம், எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ அவ்வளவு நல்லது, காசு அடுத்தடுத்த கணக்குக்கு மாறுறதுக்குள்ள நிறுத்தணும்.

ஊரு நம்பரையும் விட்டுறாதீங்க. இந்தியா பேங்க்லேர்ந்து வர்ற ஓடிபி எல்லாம் அந்த சிம்முக்குத்தான் வரும். கிளம்புறதுக்கு முன்னாடியே ரோமிங் திறந்து வச்சு, ரீசார்ஜ் பண்ற பொறுப்பை வீட்டுல ஒருத்தர்கிட்ட குடுங்க, ரொம்ப நாள் சும்மா கிடந்தா நம்பரை எடுத்து வேற ஆளுக்குக் குடுத்துருவாங்க. நமக்கு ராத்திரி எட்டரைன்னா ஊர்ல ஆறு மணிதான், ரெண்டரை மணி நேரம் வித்தியாசம், ஊரு கஸ்டமர் கேருக்கு வேலை முடிஞ்சு சாயங்காலம் கூப்பிட்டாலும் ஆள் இருப்பாங்க. கூகுள் கணக்குக்கு பேக்அப் கோடு பத்து குடுப்பாங்க, ஒவ்வொண்ணும் எட்டு நம்பர், அதை காகிதத்துல எழுதி பெட்டிக்குள்ள பாஸ்போர்ட் நகலோட வைங்க. போனுக்குள்ளயே படமா வச்சா போன் தண்ணியில போறப்ப அதுவும் சேர்ந்து போகும்.

ஒரேயடியா ஊருக்குத் திரும்புறவங்க வாலட்ல உள்ள காசை பேங்குக்கு மாத்தி, அதையும் எடுத்துட்டு, கணக்கை மூடிட்டு, சிம்மை கடையில சொல்லி ரத்து பண்ணிட்டுப் போங்க. நண்பன் வச்சுக்கட்டும்னு குடுத்துட்டுப் போகாதீங்க. எனக்கு சிம் வாங்கிக் குடுத்த அண்ணன் பேர்ல இன்னும் ஒரு சிம் இங்க லயத்துல ஓடிக்கிட்டிருக்கு, ஒரு பையன் அதுலதான் பேங்க் ஆப்பு வரைக்கும் வச்சிருக்கான். பழைய நம்பர் உயிரோட இருக்கும்போதே கணக்கையெல்லாம் தன் பேர்ல உள்ள புது நம்பருக்கு மாத்தினா ஒவ்வொண்ணுக்கும் கோடு அதுக்கே வந்துரும், வேலை ஒரு மணி நேரம்தான். அவன் பாஸ்போர்ட் போன வாரம் கைக்கு வந்துருச்சு, வர்ற ஞாயித்துக்கிழமை டவுனுக்குக் கூட்டிட்டுப் போறேன்.