புது கம்ப்யூட்டர் செட்டப்: வாடிக்கையாளரிடம் எவ்வளவு நேரம் சொல்வது?

"புது லேப்டாப்தானே, அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்ல?" என்று கேட்பார்கள். தலையாட்டிவிடாதீர்கள். அரை மணி நேரத்தில் விண்டோஸ் டெஸ்க்டாப் வந்துவிடலாம். அவர் உட்கார்ந்து வேலை பார்க்கிற நிலைக்கு வர அரை நாள் ஆகலாம். இதில் நீங்கள் கை வைத்துச் செய்யும் நேரம் கொஞ்சம்தான், மெஷின் தானாக ஓடும் நேரம்தான் அதிகம். இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள்.

1. முதல் நாளே போனில் கேளுங்கள். மெயில், வைஃபை, மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் பாஸ்வேர்டுகள் இருக்கின்றனவா? ஓடிபி வரும் மொபைல் யார் கையில்? என் அனுபவத்தில் அதிக நேரத்தை விழுங்குவது பாஸ்வேர்டு தேடும் படலம்தான்.

2. போனதும் பழைய மெஷினில் இருக்கும் ஃபைல்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி ஓடவிடுங்கள். யூஎஸ்பி 2.0 டிஸ்க்கில் நொடிக்குச் சுமார் 35 எம்பி எழுதும் என்று வைத்தால், 100 ஜிபிக்கு முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது பெரிய ஃபைல்களுக்கான கணக்கு. பொடிப்பொடி ஃபைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் இன்னும் இழுக்கும். அவுட்லுக்கை மூடிவிட்டுத் தொடங்குங்கள், இல்லையென்றால் மெயில் இருக்கும் பிஎஸ்டி ஃபைல் காப்பி ஆகாமல் அடம்பிடிக்கும். ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பிடம்) ஃபோல்டரில் மேகச் சின்னம் போட்ட ஃபைல்கள் டிஸ்க்கிலேயே இல்லை. புது மெஷினில் அதே அக்கவுண்டில் நுழைந்தால் அவை வந்துவிடும்.

3. காப்பி ஓடும்போதே புது மெஷினில் அப்டேட்டைத் தொடங்குங்கள். ஒரு சுற்றோடு முடியாது. ரீஸ்டார்ட் ஆனபின் மறுபடி தேடச் சொன்னால் புதிதாக நாலு வந்து நிற்கும். பட்டியல் காலியாகும்வரை விடாதீர்கள். பயாஸ் (மெஷினை முதலில் கிளப்பிவிடும் மென்பொருள்) அப்டேட் இருந்தால் சார்ஜரைக் கழற்றவே கூடாது. அதற்கு முன், பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) பூட்டைத் திறக்கும் ரெக்கவரி கீ வாடிக்கையாளரின் அக்கவுண்டில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். நடுவில் அந்த 48 இலக்க எண்ணைக் கேட்டு மெஷின் நின்றால், அன்றைய பொழுது அவ்வளவுதான்.

4. ட்ரையல் ஆன்டிவைரஸைத் தூக்குவது, பிரவுசர், ஆபீஸ், பிரிண்டர் எல்லாம் வழக்கமான வேலை.

5. கடைசியில் வாடிக்கையாளரையே உட்கார வைத்து, ஒரு மெயில் அனுப்பி, ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கச் சொல்லுங்கள். விட்டுப்போனது அப்போதுதான் தெரியும்.

பில்லில் கைவேலை நேரத்தைத் தனியாகக் காட்டுங்கள். மெஷின் ஓடும் நேரத்தில் வேறு வேலைக்குப் போய் வருவீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழைய டிஸ்க்கை இரண்டு வாரமாவது அழிக்க வேண்டாம் என்றும் எழுதிக் கொடுங்கள்.